தங்கம் நுழையக் கூடாத அறை

ஹெப்பகோடியில் ஒரு பெண் மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்குமாக, பொட்டுத் தங்கம் இல்லாத கழுத்தோடு தினமும் வேலை நடுவில் டீ குடிக்க வெளியே வந்தால் தெரு சும்மா இருக்குமா? ‘பாவம், எல்லாம் அடகுக் கடையில கெடக்குது போல’ என்று பால் பூத்தில் நிற்கிறவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். தமயந்தியைப் பற்றியும் அப்படித்தான் கட்டினார்கள். அவளும் கொஞ்ச நாள் விளக்கம் சொல்லிப் பார்த்தாள்.

“தங்கம் இருக்குதான்னு பாக்கற எடம்மா அது. அங்க தங்கத்தப் போட்டுக்கினு போவக் கூடாது.”

கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, நாலடி தள்ளிப் போய்ச் சிரித்தார்கள். அப்புறம் அவள் சொல்வதையே விட்டுவிட்டாள்.

ஆனால் அவள் சொன்னது அத்தனையும் நிஜம். தொழிற்பேட்டைக்குள், பிஸ்கட் கம்பெனிக் கிடங்குக்குப் பின்னால் ஒரு பரிசோதனைக்கூடம் இருக்கிறது. எங்கெங்கோ தோண்டின கற்களைத் துணிப்பையில் கட்டி அங்கே அனுப்புவார்கள். அதில் செம்பு இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா, தங்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கல்லை உடைத்து, பவுடர் பூசுகிற பதத்துக்கு அரைத்துக் கொடுப்பது தமயந்தியின் வேலை. ராயக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவள், வந்த புதிதில் கார்மென்ட்ஸில் பட்டன் தைத்தாள், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள், கடைசியில் இங்கே வந்து சேர்ந்து கல்லோடு கல்லாக நிலைத்துவிட்டாள்.

ஒரு டன் கல்லில் சில கிராம் தங்கம் இருந்தாலே சுரங்கக்காரர்கள் துள்ளிக் குதிப்பார்கள். அவ்வளவு சின்னக் கணக்கைப் பார்க்கிற இடத்தில், ஒரு மோதிரம் உரசி உதிர்ந்த துகள் போதும், கல் பொய் சொல்லிவிடும். அதனால் அரவை அறைக்குள் நகை கூடாது. வளையல், தோடு, மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கதவுப் பக்கத்தில் இருக்கிற இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

தாலி? சேர்ந்த அன்றைக்கு அதையும் கழற்றச் சொன்னபோது தமயந்தி, “வேலையே வாணாங்க” என்று வாசலோடு திரும்பப் பார்த்தாள். அவள் புருஷன் உத்தமன்தான் சிரித்துச் சமாளித்தான். அவன் கார்மென்ட்ஸ் பெண்களை ஏற்றிப் போகிற கம்பெனி பஸ்ஸின் டிரைவர். எதற்கும் ஒரு குறுக்கு ரோடு வைத்திருப்பான். மாரியம்மன் கோயிலில் வைத்து, மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு ஒன்றை அவள் கழுத்தில் கட்டினான். “இது டூட்டி தாலி. அது வூட்டுத் தாலி. ரெண்டுக்கும் ஒரே ஆள்தான் ஓனர், பயப்படாத” என்றான். அன்றிலிருந்து இதுதான் வழக்கம். காலையில் கதவருகே வீட்டுத் தாலி பெட்டிக்குள் போகும், மஞ்சள் கயிறு கழுத்துக்கு வரும். மற்றப் பெண்களும் அவளைப் பார்த்து அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள்.

வேலையில் அவள் சுத்தம். கல்லை உடைத்ததும் பாதியைப் பையில் கட்டி அடுக்கில் வைப்பாள். மீதிப் பாதியைத்தான் அரவைக் கிண்ணத்தில் போடுவாள். கனத்த இரும்புக் கிண்ணம், உள்ளே இரும்பு வளையம், மெஷின் அதைப் பிடித்துக் குலுக்குகிற குலுக்கில் கல் மாவாகிவிடும். ஒரு கல் முடிந்ததும் வெறும் வெள்ளை மணலைப் போட்டு அரைத்துக் கொட்டி, துடைத்து, அப்புறம்தான் அடுத்த கல். ஒவ்வொரு கல்லையும் கிண்ணத்தில் போடும் முன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நம்ம வீட்டு அடுப்பு இதனால்தானே எரிகிறது என்ற நன்றி. உலை அடுப்பைப் பார்த்துக்கொள்கிற ஆனேக்கல் பிரகாஷ் இதற்காகவே அவளைச் சீண்டுவான்.

“அக்கா, கல்லுக்கு ஒரு கற்பூரமும் காட்டிடேன். தங்கம் நெறைய வரும்.”

“நீ காட்டற நெருப்பு பத்தாதா? போடா, வேலையப் பாரு.”

கல்லின் பூர்வகதையை அவளுக்குச் சொன்னது நிருபமா. மல்லேஸ்வரத்துப் பழைய தமிழ்க் குடும்பத்துப் பெண். தமயந்தியைவிடப் பத்து வயதாவது சின்னவள். நிலவியல் படித்து, கூடத்தின் கற்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தாள். வாயைத் திறந்தால் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் ஏறி இங்கிலீஷில் இறங்குவாள். மத்தியானம் தன் பிசிபேளாபாத்தைத் தமயந்தியின் ராகிக் களியோடு மாற்றிச் சாப்பிடுகிற பழக்கம் அவளுக்கு. சாப்பிட்டுக்கொண்டே கதை சொல்வாள். கதை என்றால் ராஜா ராணிக் கதையா? பூமியின் கதை.

“நாம நிக்கற நிலம் ஒரே எடத்துல நிக்கறதில்லக்கா. எல்லாக் கண்டமும் மெதுவா நகந்து வந்து ஒண்ணோட ஒண்ணு மோதி, ஒரே பெரிய கண்டமா ஒட்டிக்கும். பல கோடி வருஷம் அப்படியே இருக்கும். அப்புறம் விரிசல் விட்டுப் பிரிஞ்சு போயிடும். மறுபடி சேரும். மறுபடி பிரியும். இதுவரைக்கும் எத்தனையோ தடவ ஆயிடுச்சு.”

“கூடறதும் பிரியறதுமே பொழப்பா அதுக்கு?” என்று தமயந்தி கேட்டாள்.

“அதேதான். அந்தப் பொழப்புலதான் உலோகமே வந்தது. நிலம் ரெண்டும் முட்டிக்கிட்டு அமுக்கறப்போ, ரொம்ப ஆழத்துல இருக்கற கொதிக்கிற தண்ணி வெடிப்பு வழியா மேல வரும். அதுல தங்கம் கரைஞ்சிருக்கும். மேல வந்து ஆறினா, வெள்ளைக் கல்லுக்குள்ள தங்கத்த விட்டுட்டுப் போயிடும். கோலார்த் தங்கம் அப்படி வந்ததுதான். இருநூத்தம்பது கோடி வருஷம் இருக்கும்.”

“பிரியறப்போ?”

“பிரியறப்போ நடுவுல பள்ளம் விழும், கடல் உள்ள வரும். அந்தக் கடலடிச் சேத்துல ஈயமும் துத்தநாகமும் படியும். சேர்ந்தா ஒண்ணு, பிரிஞ்சா ஒண்ணு. பூமி எதையும் வீணாக்கறதில்லக்கா.”

தமயந்திக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது. வீட்டுக்குப் போய் உத்தமனிடம் சொன்னாள். “அப்ப நாம சண்ட போட்டாலும் லாபந்தான்னு சொல்லு” என்றான் அவன்.

நிருபமாவுக்கு நீண்ட நாளாக ஓர் ஆசை இருந்தது. வடக்கே வெகு தூரத்தில், சோளக்கொல்லைகளுக்கு நடுவே ஒரு நிலப்பட்டை. பழங்காலத்து இரண்டு கண்டங்கள் மோதி ஒட்டிய தையல் அதுதான் என்பது அவள் கணிப்பு. ஒட்டின இடம் என்றால் தங்கம் வந்திருக்க வேண்டுமே! ஒருவரும் அவள் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் விடாமல் அலைந்து, ஒரு சுரங்கக் கம்பெனியைச் சம்மதிக்க வைத்தாள். அந்தத் தையலின் குறுக்கே, மேற்கிலிருந்து கிழக்கே வரிசையாகக் கல்லெடுத்துப் பையில் கட்டி எண் போட்டு அனுப்பினார்கள். அந்தப் பைகள் தமயந்தியின் மேசைக்கு வந்து சேர்ந்த வாரம்தான் உத்தமனுக்கு நெஞ்சு வலித்தது.

பஸ் நிறையப் பெண்களோடு சந்தாபுரம் பக்கம் வந்துகொண்டிருந்தான். வலி வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுத்தான் ஸ்டீயரிங்மேல் சாய்ந்தான். உள்ளே இருந்த பெண்கள் கூச்சல் போட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்தப் பெண்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று தமயந்தி இன்றைக்கும் விளக்கேற்றும்போது சொல்கிறாள். சேதி வந்ததும் நிருபமாதான் தன் காரில் அவளைக் கொண்டுபோனாள். டாக்டர் சொன்னதை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். ஸ்டென்ட் வைத்து முடிக்கும்வரை தமயந்தியின் கையை விடவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறைதான் உள்ளே விடுவார்கள். நடுவில் நாள் முழுக்க வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி. கதவு திறக்கிற போதெல்லாம் எழுந்து நிற்பாள். இரண்டு நாள் அப்படி உட்கார்ந்து பார்த்தாள், முடியவில்லை. “வீட்ல ரெஸ்ட் எடுங்கக்கா” என்று நிருபமா சொல்லியும் கேட்காமல், மூன்றாம் நாள் நடுப்பொழுதுக்கு மட்டும் வேலைக்கு வந்தாள். கை வேலை செய்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்ற நினைப்பு.

கதவுக்கு வந்தாள். பெட்டியைத் திறந்தாள். தாலிக் கயிற்றில் கை வைத்தாள். கழற்ற வரவில்லை.

எப்படி வரும் சொல்லுங்கள்? புருஷன் அங்கே மூக்கில் குழாயோடு கிடக்கிறான், இவள் இங்கே தாலியைக் கழற்றுவதா? மஞ்சள் கயிறு மாற்றாக இருக்கிறது, தெரியும். மாரியம்மன் முன்னால் கட்டியது, அதுவும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கழற்றுகிற அந்த நொடியில் ஆஸ்பத்திரியில் ஏதாவது ஆகிவிட்டால்? சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. தாலியை ரவிக்கைக்குள் ஆழமாகத் தள்ளி, மேலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தனை வருஷ வேலையில் விதியை மீறியது அந்த ஒரு முறைதான்.

கல் அரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆஸ்பத்திரி எண். பதறிப்போய், கிண்ணத்தைத் திறந்து போட்டபடியே, ஏப்ரனுக்குள் கைவிட்டு போனை இழுத்தாள். கூடவே கயிறும் வெளியே வந்தது. ஏதோ மாத்திரை கேட்டார்கள், அவ்வளவுதான். “இப்பவே வாங்கிக் குடுக்கறங்க” என்று சொல்லி, கயிற்றை உள்ளே திணித்து, கிண்ணத்தை மூடி மெஷினைப் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து முடிவுகள் வந்தன. நிருபமா அறையிலிருந்து ஓடி வந்தாள். நடந்து அல்ல, ஓடி. மேற்கிலிருந்து வந்த கற்களில் ஒன்றுமில்லை. தையலின் நடுவில் எடுத்த கல்லில் தங்கம்! அதுவும் கொஞ்சநஞ்சமா? அதற்குக் கிழக்கே அடுத்த கல்லில் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு, பிறகு ஒன்றுமில்லை.

“இருக்குக்கா! நான் சொன்னேன்ல, இருக்கு!” என்று தமயந்தியைக் கட்டிக்கொண்டு சுற்றினாள்.

மைசூர்பாகு வந்தது. கூடத்தின் முதலாளி சுந்தரேசன் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அன்று அவரும் பல்லைக் காட்டினார். “எல்லாம் தமயந்தியக்கா கைராசி” என்று பிரகாஷ் ஊரைக் கூட்டினான். வீட்டில் உத்தமன் திரும்பி வந்து தலையணையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான், இங்கே எல்லோரும் அவளை வாழ்த்துகிறார்கள், இதற்குமேல் என்ன வேண்டும்? அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது அழுகையாக வந்தது அவளுக்கு, சந்தோஷத்தில்.

மறுநாள் ஆடிப் பதினெட்டு. தாலிக் கயிறு மாற்றுகிற நாள். உத்தமன் பிழைத்து வந்த வருஷம், விடுவாளா? விடிந்ததும் குளித்து, புதுக் கயிற்றில் மஞ்சள் பூசி வைத்து, பழைய கயிற்றை அவிழ்த்துத் தட்டில் கொட்டினாள். தாலி, அதன் இரண்டு பக்கமும் கோத்திருந்த பவழம், தங்கக் குண்டு. குண்டு ஒன்று குறைந்தது. பழைய கயிறு ஒரு பக்கம் நைந்து, முடிச்சு இளகிக் கிடந்தது.

தட்டைக் கவிழ்த்தாள், பாயை உதறினாள், ஆஸ்பத்திரிப் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். கொட்டும்போதே கை நின்றுவிட்டது. போனை இழுத்தது, கயிறு வெளியே வந்தது, திறந்து கிடந்த கிண்ணம், எல்லாம் கண்முன் வந்தது. எந்தக் கல் என்பதும் ஞாபகம் வந்தது. நடுவில் எடுத்த கல். தங்கம் வந்த கல்.

“இன்னா ஆச்சி?” என்றான் உத்தமன் கட்டிலிலிருந்து.

சொன்னாள்.

“ஆஸ்பத்திரில வுழுந்திருக்கும்” என்றான் அவன். “அந்த வராண்டால எத்தினி பேரு நடக்கறாங்க. கல்லுல நெசமாவே தங்கம் இருந்திருக்கும். நீ எதுக்கு வம்ப வெலைக்கி வாங்கற?”

“இருக்கலாம்ங்க. இல்லாமலும் இருக்கலாம். இன்னிக்கி பதினோரு மணிக்கி கம்பெனிக்காரங்க வராங்க. பூமில ஓட்ட போட்டுத் தோண்டறதுக்கு நாள் குறிக்கறாங்க. அந்த ஊருக்காரங்க சோளக்கொல்லைய ஓட்ட போட்டுப் பாத்து ஒண்ணுமில்லன்னா, மேடத்து கெதி?”

இன்னும் மூன்று மாதம் அவன் பஸ் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடு அவள் சம்பளத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. நகை போட்டுக்கொண்டு போனேன் என்று அவள் சொன்னால், அந்த இடத்திலேயே வெளியே அனுப்பலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. கைராசிக்காரி என்ற பேரோடு காலம் ஓடிவிடும்.

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். “நீ அன்னிக்கி கழட்டாதது என்னாலதான” என்றான். “தப்புல பாதி என்னுது. போய் சொல்லிடு. வேல போனா போவுது, நான் உயிரோடதான இருக்கறன்?”

மீதி இருந்ததைப் புதுக் கயிற்றில் கோத்து அவன் கையாலேயே கட்டச் சொன்னாள். கட்டினதும் கிளம்பிவிட்டாள். இல்லாத குண்டின் இடத்தில் ஒரு முடிச்சுதான் இருந்தது.

நிருபமா புதுப் புடவையில், பொட்டு வைத்து, மேசைமேல் வரைபடத்தை விரித்துக்கொண்டிருந்தாள். தமயந்தி கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கழற்றாமல் போனது, மறைத்தது, போன், கிண்ணம், குண்டு. ஒன்றையும் குறைக்கவில்லை. “ஆஸ்பத்திரில வுழுந்ததாக்கூட இருக்கலாம் மேடம். ஆனா எனக்கு மனசு சொல்லுது” என்று முடித்தாள்.

நிருபமா வரைபடத்தில் கல்லெடுத்த புள்ளிகள்மேல் விரலை ஓட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “எந்த வரிசைல அரைச்சீங்கக்கா?”

“பை நம்பர் வரிசைலதான் மேடம். மேக்கேர்ந்து கெழக்க.”

“அய்யோ தேவ்ரே.” கண்ணை மூடிக்கொண்டாள். “நிலத்துல இருக்கற தங்கம்னா நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் கொறையணும். இது கிழக்க மட்டும்தான் கொறையுது. கிண்ணத்துல ஒட்டினது அடுத்தடுத்த கல்லுக்குப் போயிருக்கு, மணல் போட்டு அரைச்சும் முழுசாப் போகல. பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வேணும் வேணும்னு நெனச்சுண்டே பார்த்தேன், அதான் தெரியல.”

அப்புறம் எழுந்தாள். “வாங்க, சுந்தரேசன் சார்கிட்ட நான் வரேன் கூட.”

சுந்தரேசன் போட்ட சத்தம் பிஸ்கட் கிடங்குவரை கேட்டது. “ரூல் எதுக்கும்மா போட்டிருக்கு? சொவத்துல அழகுக்கா? வெளியூர்லேர்ந்து பார்ட்டி ஏர்போர்ட்ல எறங்கிட்டான், நான் அவங்கிட்ட என்ன மூஞ்சிய வெச்சுண்டு பேசறது?” தமயந்தி தலை குனிந்து நின்றாள். அவர் கேட்டது நியாயம்தானே. நிருபமா குறுக்கே வந்தாள். அடுக்கில் மீதிப் பாதிக் கல் அப்படியே இருக்கிறது, வேறு கிண்ணத்தில் அரைத்துப் பார்த்துவிடலாம், அதுவரை முடிவு நிச்சயமில்லை என்று சொல்லிவிடலாம் என்றாள். அவர் கோபம் தணியாமலே ஒப்புக்கொண்டார். தமயந்தியைப் பார்த்து, “நீ மெஷின் பக்கமே போகாதே. பின்னால போய்ப் பை கழுவு” என்றார்.

அந்த நாட்களில் அவள் பை கழுவினாள். கம்பெனிக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனதைப் பின்கட்டிலிருந்தே பார்த்தாள். ஒவ்வொரு பையைப் பிழியும்போதும், குண்டு ஆஸ்பத்திரியில் விழுந்ததாக இருக்கட்டும், நிருபமாவின் தங்கம் நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அதற்குமேல் அவள் கையில் என்ன இருக்கிறது?

பிரகாஷ் மீதிக் கல்லை அரைத்து, உருக்கி, பார்த்துச் சொன்னான். நடுக்கல்லில் ஒன்றுமில்லை. அடுத்ததில் ஒன்றுமில்லை. எதிலும் ஒன்றுமில்லை. கம்பெனி தன் கற்களை மூட்டை கட்டி வாங்கிக்கொண்டு, வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது.

அன்று மத்தியானம் நிருபமா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். தமயந்தி எதிரே போய் நின்றாள்.

“மன்னிச்சிடுங்க மேடம். உங்க இத்தினி நாள் ஆச…”

“உக்காருங்க” என்றாள் நிருபமா. கண் சிவந்திருந்தது. “ஆசை போச்சு, நிஜம். அழுதாச்சு. ஆனா அக்கா, நீங்க சொல்லாம இருந்திருந்தா? அந்தக் கொல்லைங்கள்ல மெஷின் இறங்கி, தோண்டித் தோண்டி ஒண்ணும் வராம, அப்புறம் நான் சொல்றத எவன் நம்புவான்? இப்போ எனக்குப் போனது ஒரு தங்கம்தான், பேர் போகல. அதை நீங்கதான் காப்பாத்திக் குடுத்தீங்க. எனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

தமயந்தி திக்குமுக்காடிப் போனாள். திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு நன்றியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. களி டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் மாற்றிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் பிரகாஷ் உலைப் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். “அக்கா, இங்க வா. கையக் கழுவிட்டு வா.”

நிருபமாவும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். மேசைமேல், எலும்புச் சாம்பலால் செய்த சின்ன வெள்ளைக் கிண்ணம் ஒன்று. அதன் நடுவில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளாக ஒரு மணி மின்னியது.

“உன் குண்டு” என்றான் பிரகாஷ். “மொதல்ல அரைச்சியே, அந்தப் பவுடர் மிச்சம் இருந்துச்சி. பூராத்தையும் ஈயத்தோட போட்டு உருக்கிட்டேன்.”

தமயந்தி கதவுப் பக்கம் பார்த்தாள். “சாருக்குத் தெரிஞ்சா?” என்றாள்.

“அவர்தான் சொன்னாரு. ‘அந்தப் பவுடர்ல இருக்கறது கம்பெனித் தங்கம் இல்லடா, அந்தம்மா கழுத்துத் தங்கம். எடுத்துக் குடு’ன்னாரு.”

நிருபமா மணியை இடுக்கியால் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். “ஒரு விஷயம் தெரியுமாக்கா? மாவுக்குள்ள கண்ணுக்கே தெரியாம செதறிக் கெடந்த தங்கத்த, ஈயம்தான் ஒவ்வொண்ணாப் பொறுக்கிச் சேர்த்துது. சேர்த்துக் குடுத்துட்டு, அது இந்தச் சாம்பல்ல ஊறிப் போயிடுச்சு. தங்கம் கண்டங்கள் சேர்ந்தப்போ வந்தது. இந்த ஈயம் ராஜஸ்தான் பக்கத்துது, கண்டங்கள் பிரிஞ்சப்போ கடலடில படிஞ்சது. பிரிஞ்சப்போ வந்ததுதான் உங்களுக்கு இதைச் சேர்த்துக் குடுத்திருக்கு.”

தமயந்தி மணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதோடு நிற்கவில்லை, அந்தச் சாம்பல் கிண்ணத்தையும் தொட்டு ஒற்றிக்கொண்டாள். இந்த முறை பிரகாஷ் கேலி பண்ணவில்லை. அந்த வழியாகப் போன சுந்தரேசன் நிற்காமலே, “பழைய அரவைக் கிண்ணம் வீணாப் போச்சு, புதுசு வந்திருக்கு. திங்கட்கிழமை நீயே கழுவி மாட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் வேலை போகவில்லை என்பதை அவர் சொன்ன விதம் அது.

ஹெப்பகோடி பஜாரில் நகை வேலை செய்கிறவர் மணியைப் பார்த்து, “இவ்வளவு சுத்தமா எங்க வாங்கினீங்க?” என்று கேட்டார். தமயந்தி சிரித்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி தெருவுக்கே விளக்க வேண்டியிருக்கும். அவர் அதில் ஒரு சின்ன வளையம் பற்றவைத்துக் கொடுத்தார். மற்ற குண்டுகளுக்குப் பக்கத்தில் அது பொடிசாகத்தான் இருந்தது. உத்தமன் முடிச்சை அவிழ்த்து, அந்த இடத்தில் அதைக் கோத்தான்.

“சின்னதாப் பூட்சே” என்றாள் அவள்.

“நானுந்தான் ஆஸ்பத்திரி போய் எளச்சி வந்தன். வெச்சிக்கலையா நீ?”

சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் கயிற்றைக் கழுத்தில் கட்டி முடிக்கும்வரை அவன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சீராக இருந்தது.

திங்கட்கிழமை காலை கதவருகே பெட்டியைத் திறந்தாள். அந்த நேரம் உத்தமன் வீட்டில் தனக்குத் தானே டீ போட்டுக்கொண்டிருப்பான். தாலியைக் கழற்றி, சின்ன மணி மேலே தெரியும்படி உள்ளே வைத்துப் பூட்டினாள். மஞ்சள் கயிற்றைப் போட்டுக்கொண்டாள். உள்ளே போய்ப் புதுக் கிண்ணத்தைக் கழுவி மாட்டினாள்.